யோவான் 21-இன் 153 மீன்கள்: ஆழமான அர்த்தம் எண்ணிலா, கரையிலா?

தண்டையார்பேட்டை_வாசகன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக் கூட்டங்களில் "இந்த வசனத்துக்கு ஆழமான அர்த்தம் என்ன தெரியுமா" என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் எண்ணில் போய்த்தான் நிற்கிறது. 7 என்றால் பூரணம், 12 என்றால் கோத்திரம், 40 என்றால் சோதனை. யோவான் 21 வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் நிற்கிறார், இராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காத சீஷர்கள் அவர் சொன்னபடி வலதுபுறம் வலை போடுகிறார்கள், 153 பெரிய மீன்கள். உடனே எல்லாரும் அந்த 153-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை, 4, 5-ஆம் நூற்றாண்டுச் சபை ஆசிரியர்களிடமே இருந்தது. அகஸ்டின் பத்துக் கட்டளையோடு ஆவியின் ஏழு வரங்களைச் சேர்த்து 17 என்றார், 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும், கூட்டிப் பாருங்கள். எரோனிமுஸ், மீன்களில் மொத்தம் 153 வகை என்று பழைய எழுத்தாளர்கள் சொல்வதாக எழுதி, எல்லா ஜாதி ஜனங்களும் ஒரே வலைக்குள் வருவார்கள் என்று பொருள் எடுத்தார். அலெக்சாந்திரியாவின் சிரில் 100 புறஜாதியார், 50 இஸ்ரவேலில் மீந்தவர்கள், 3 திரித்துவம் என்று பிரித்தார். 20-ஆம் நூற்றாண்டில் ஒரு ஆராய்ச்சியாளர் எசேக்கியேல் 47-ஐக் கொண்டுவந்தார். அங்கே மீன்பிடிக்கிறவர்கள் வலை விரிக்கிற இடம் என்கேதி முதல் எனெக்லாயிம் வரை. எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. அந்தக் கணக்கில் ஊர்ப்பெயரின் முன்னால் வருகிற "என்" என்ற முன்னொட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் முதல் ஊர் 17, இரண்டாவது ஊர் 153.

இவர்களில் ஒருவரையும் நான் லேசாகப் பேச மாட்டேன். வேதத்தில் ஒரு எண்கூடச் சும்மா இருக்காது என்று நம்பியவர்கள், அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் 17-ஐ எடுத்துக்கொண்டு போகிறார்கள், 9-ஆம் வசனத்தைக் கவனிக்காமலே போகிறார்கள். கரையில் கரிநெருப்பு, அதின்மேல் மீன், பக்கத்தில் அப்பம். இதற்கு மூன்று அதிகாரம் முன்னால், 18-ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் ஒரு கரிநெருப்பு இருக்கிறது, பேதுரு அங்கே நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் இயேசுவைத் தெரியாது என்கிறார், மூன்று தரம். இப்போது இன்னொரு கரிநெருப்பு, அதுவும் அதிகாலை, அந்த நெருப்புப் பக்கத்தில் வைத்து இயேசு பேதுருவிடம் மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்கிறார். யோவான் புத்தகத்தில் கரிநெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில்தான். எந்தக் கணக்கும் போடத் தெரியாத ஒருவர் இரண்டு அதிகாரத்தையும் நிதானமாகப் படித்தால் போதும், தெரிந்துவிடும்.

என் எண்ணம் இதுதான்: ஆழம் என்பது கதைக்கு அடியில் யாரோ ஒளித்து வைத்த ஒன்று இல்லை, கதைக்குள்ளேயே கூடுதல் நேரம் நின்றால் கிடைப்பது. நீங்கள் எல்லாரும் எப்படிப் படிக்கிறீர்கள்? மீன் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

காசிமேடு_விசைப்படகு

அண்ணே, தொழிலில் இருக்கிறவன் கூப்பிட்டதால் வந்தேன். தடைக்காலம் என்பதால் நேரம் இருக்கிறது, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை படகு கடலுக்குப் போகாது, உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

153 ஏன் என்று பாஸ்டர்மார் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். எண்ணாமல் எப்படிப் பங்கு பிரிப்பது? கரைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். போட்டுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. வசனத்தில் "பெரிய மீன்கள்" என்று போட்டிருக்கிறது, அதைக் கவனியுங்கள். நெத்திலியையும் காரப்பொடியையும் எவனும் எண்ண மாட்டான், கூடைக் கணக்குதான். வஞ்சிரம், கொடுவா மாதிரி பெரிசு என்றால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு எண்ணுவோம். 2-ஆம் வசனத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். தலைக்கு 21 போக 6 மிஞ்சும். அந்த ஆறையும் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள், நிஜமாகவே கேட்பார்கள்.

இதைச் சொன்னால் ஆவிக்குரிய அர்த்தத்தைக் குறைக்கிறாய் என்கிறார்கள். எனக்கு அது கூடுகிற மாதிரிதான் இருக்கிறது. மரித்து உயிர்த்த ஆண்டவர் எதிரில் நிற்கிறார், அப்போதும் யாரோ ஒருவர் குனிந்து ஒவ்வொரு மீனாக எண்ணியிருக்கிறார், அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் கணக்கு வழக்கு, ஏலம், பங்கு எல்லாம் அவருக்கு முன்னால் நடக்கலாம் என்றுதானே அர்த்தம்.

இன்னொன்று. வலதுபுறம் போடச் சொன்னது அற்புதம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கரையில் நிற்கிறவன் குரல் கொடுப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. மேட்டில் நின்று பார்த்தால் மீன் கூட்டமாக வரும்போது தண்ணீரின் நிறம் மாறுவது தெரியும், படகில் குனிந்து நிற்கிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் யார் என்றே தெரியாத ஒரு ஆள் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் வலையைப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வியாசை_தம்பி

பிரைஸ் த லார்டு அண்ணா. மரியாதையோடு கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன்.

"எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்று 2 கொரிந்தியர் 3-இல் இருக்கிறதே. மேலோட்டமான கதை போதும் என்றால் ஆவியானவர் எதற்கு? ஆவியானவர் தேவனுடைய ஆழங்களை ஆராய்கிறார் என்றும் இருக்கிறது. பவுலே கலாத்தியர் 4-இல் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கை என்கிறார். இயேசுவே யோனா மீன் வயிற்றில் இருந்ததைத் தம்முடைய மூன்று நாளுக்கு அடையாளமாகச் சொன்னார். எம்மாவுக்குப் போகிற வழியில் மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளும் தம்மைப் பற்றி எழுதியதை விவரித்துக் காட்டினார். மறைபொருள் தேடுவது வேதமே கற்றுக்கொடுத்த பழக்கம்.

அப்புறம் காசிமேடு அண்ணன் சொன்ன 21-ஐப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது. ஆளுக்கு 21, அதிகாரமும் 21. இதைச் சும்மா விட்டுவிட முடியுமா?

பெரம்பூர்_அக்கா

நான் கத்தோலிக்கப் பெண், லூர்து மாதா கோயில் பக்கம். எங்கள் அன்பியத்திலும் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடுகிற செபக் குழு) இதே பேச்சு வரும், அதனால் எழுதுகிறேன்.

தம்பி சொல்கிற ஆவிக்குரிய அர்த்தத்தைத் திருச்சபை ஒரு நாளும் தள்ளியது இல்லை. பழைய துறவிகள் ஒரே சொல்லுக்கு நான்கு நிலை வைத்துப் படித்தார்கள். எருசலேம் என்று வந்தால் யூதர்களின் நகரம், அடுத்து திருச்சபை, அடுத்து என் ஆன்மா, கடைசியில் விண்ணக நகரம். 5-ஆம் நூற்றாண்டில் காசியான் என்ற துறவி இதே எருசலேமை வைத்துத்தான் விளக்கினார். ஆனால் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் 13-ஆம் நூற்றாண்டில் உறுதியாகச் சொன்னது, மற்ற மூன்றும் முதல் அர்த்தமான நேரடி அர்த்தத்தின் மேல்தான் நிற்க வேண்டும், வாதம் என்று வந்தால் அந்த முதல் அர்த்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டாதே என்கிறார்.

வீட்டில் நாங்கள் செய்வது எளிது. ஒரு பகுதியை ஒருவர் சத்தமாக வாசிப்பார், அமைதியாக இருப்போம், இன்னொருவர் திரும்ப வாசிப்பார், மனதில் எந்த வரி நின்றதோ அதை மட்டும் சொல்வோம், விளக்கம் சொல்லக் கூடாது. பிறகு செபம். கீகோ என்ற கார்த்தூசிய துறவி 12-ஆம் நூற்றாண்டில் வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைத் தியானம் என்று நான்கு படி எழுதிவைத்தார், அதன் வழிதான் இது. யோவான் 21 வாசித்த அன்று எண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்று எப்போதும் ஒதுங்கி உட்காருகிற ஒரு பாட்டி, "பிடிச்சிட்டு வந்தவனுங்க பசியோட வருவானுங்கன்னு முன்னாடியே சுட்டு வெச்சிருக்காரு" என்றார். எனக்கு அதற்குமேல் அன்று எதுவும் தேவைப்படவில்லை.

தண்டையார்பேட்டை_வாசகன்

// ஆளுக்கு 21, அதிகாரமும் 21 //

தம்பி, உன் ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் இதை விட்டுவிடு. யோவான் எழுதும்போது அதிகார எண்ணே கிடையாது. இப்போது நாம் பார்க்கிற அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் காலத்தில் வந்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எத்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டது. அதன் மேல் மறைபொருள் கட்டினால் அந்த அச்சுக்காரரின் மேல் கட்டின மாதிரிதான் ஆகும்.

ஆனால் கலாத்தியர் 4 நல்ல கேள்வி. பவுல் அங்கே என்ன செய்கிறார் என்று பார். ஆகார் அடிமை, வெளியே அனுப்பப்பட்டாள், சாராள் சுயாதீனமுள்ளவள், வாக்குத்தத்தத்தால் பிள்ளை பெற்றாள். ஆதியாகமத்தில் கதை எப்படி ஓடுகிறதோ அதே திசையில்தான் ஒப்புமையும் ஓடுகிறது. கதையைத் தெரியாதவனுக்கு அந்த வாதம் ஒரு அடி நகராது. யோனாவும் அப்படியே. அந்தியோகியா பக்கத்து ஆசிரியர்கள், கிறிசோஸ்தோம் மாதிரியானவர்கள், அலெக்சாந்திரியா பக்கத்தாரோடு மோதியது இதற்காகத்தான். வரலாற்றைக் கரைத்துவிட்டு உவமையை மட்டும் வைத்துக்கொள்ளாதே என்றார்கள்.

நல்ல சமாரியனை எடுத்துக்கொள். எரிகோவுக்கு இறங்கிப் போனவன் ஆதாம், கள்ளர்கள் பிசாசும் அவனுடைய தூதர்களும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று அகஸ்டின் விளக்கியிருக்கிறார். படித்தால் உள்ளம் நிறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயேசு அந்தக் கதையை எப்படி முடித்தார்? "நீயும் போய் அந்தப்படியே செய்." எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பைக்கோடு விழுந்து கிடப்பவனைப் பார்த்தால் நான் என்ன செய்யவேண்டும் என்பதற்குச் சத்திரம் சபையா இல்லையா என்பது பதில் ஆகாது. வண்டியை ஓரம் கட்ட வேண்டும், 108-க்கு அடிக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை கூட நிற்க வேண்டும்.

அதே அகஸ்டின் இன்னொரு இடத்தில் எழுதியது எனக்குப் பெரிய துணை. வேதத்தைப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறவனுக்கு அந்தப் புரிதல் தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பைக் கட்டவில்லை என்றால் அவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்கிறார். மறைவாகச் சொன்ன எதுவும் வேதத்தில் வேறு இடத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கும் என்றும் சொல்கிறார். 17-ஐக் கண்டுபிடித்த அதே மனுஷன்தான் இப்படியும் எழுதினார்.

எண்ணூர்_கழிமுகம்

இங்கே அதிகம் எழுதியது கிடையாது. இந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எங்கள் கழிமுகத்துக்கு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கூழைக்கடா இறக்கையெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்த படத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் வலைதான் முதலில் போனது. தண்ணீரில் கிடந்த வலையை எடுத்தால் கண்ணி கண்ணியாகத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார்கள், சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள், பிசுபிசுப்பு போகவே இல்லை, கையெல்லாம் அரிப்பு. படகின் அடிப்பாகத்திலும் அதே கறை. இறால் பிடிக்கிறவர்கள் தண்ணீருக்குள் நின்று கையால் துழாவித்தானே பிடிப்பார்கள், அவர்கள் இறங்கவே முடியவில்லை.

அந்த மாதம் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் இந்த அதிகாரத்தை எடுத்து, வலதுபுறம் போடுங்கள், உங்கள் வலை 153-ஆல் நிரம்பும், அடுத்த வருஷம் இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று பேசினார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போது போடுவதற்கு வலையே கிடையாது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து நானே படித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது 3-ஆம் வசனம். "அந்த இராத்திரியிலே அவர்கள் ஒன்றும் பிடிக்கவில்லை." இயேசு கரையிலிருந்து முதலில் கேட்பதே உங்களிடத்தில் சாப்பிட ஏதாவது உண்டா என்றுதான். அவர்கள் "இல்லை" என்கிறார்கள். விசுவாச வார்த்தை பேசவில்லை, இருக்கிற மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவரும் அதற்காகக் கோபப்படவில்லை. அன்றைக்கு எங்களிடம் இருந்த ஜெபம் அந்த ஒரு வார்த்தைதான், அதை வைத்தே ஜெபித்தோம். ஆழமான அர்த்தம் என்று இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வியாசை_தம்பி

அக்கா, நீங்கள் எழுதியதை எங்கள் வாலிபர் குழுவில் அப்படியே போட்டிருக்கிறேன், பெயர் ஊர் எதுவும் இல்லாமல். "இல்லை" என்ற வார்த்தையில் நான் நின்றதே கிடையாது, எப்போதும் வேகமாக 6-ஆம் வசனத்துக்கு ஓடிவிடுவேன்.

இறையியல்_மாணவன்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, 20-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனத்தைப் பார்த்தால் புத்தகம் அங்கேயே முடிகிற மாதிரி இருக்கும். அதனால் 21 பிற்பாடு சேர்த்த பின்னுரை என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் இந்த அதிகாரம் இல்லாமல் இந்தச் சுவிசேஷம் புழங்கியதற்குக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் சான்று இல்லை. சபை ஆரம்பத்திலிருந்தே இதை வைத்துத்தான் படித்திருக்கிறது. யார் எழுதிச் சேர்த்திருந்தாலும், பேதுருவை அந்த முற்றத்து நெருப்போடு விட்டுவிட்டுப் புத்தகத்தை மூட அவர்களுக்கு மனம் வரவில்லை என்று நான் வாசிக்கிறேன்.

இரண்டு, லூக்கா 5-இலும் இதே மாதிரி ஒரு மீன்பிடிப்பு இருக்கிறது. அங்கே வலை கிழிகிறது, இங்கே "இவ்வளவு மீன்கள் இருந்தும் வலை கிழியவில்லை". அகஸ்டின் இதை முதலாவது இந்தக் காலத்துச் சபை, நல்லவரும் கெட்டவரும் கலந்தது, பிளவுகளால் கிழிவது, இரண்டாவது உயிர்த்தெழுதலுக்குப் பிறகான சபை என்று விளக்கினார். வாசகன் அண்ணா இந்த விளக்கத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

காசிமேடு_விசைப்படகு

// அங்கே வலை கிழிகிறது, இங்கே கிழியவில்லை //

தம்பி, இதற்கு நானே பதில் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். லூக்காவில் மீனைப் படகுக்குள் ஏற்றுகிறார்கள். பக்கத்துப் படகையும் கூப்பிட்டு இரண்டையும் நிரப்புகிறார்கள், அமிழ்ந்துபோகிற அளவுக்கு. நிறைந்த வலையைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கினால் மொத்தப் பாரமும் கண்ணியில் இறங்கும், கிழியாமல் என்ன செய்யும். யோவானில் ஏற்றப் பார்த்து முடியாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரிலேயே வைத்து, இருநூறு முழம், கரைவரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். தண்ணீரில் கிடக்கிற வரை பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். கரையை நெருங்கும்போதுதான் ஆபத்து, அங்கேதான் பேதுரு போய் இழுக்கிறார், அங்கேயும் கிழியவில்லை. அற்புதம் அந்தக் கடைசி நாலு அடியில் இருக்கிறது என்பேன்.

சபை கிழியாது என்று அகஸ்டின் சொன்னது இதோடு பொருந்துகிறதா என்று படித்தவர்கள் சொல்லுங்கள். எனக்குப் பொருந்துகிற மாதிரிதான் படுகிறது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் நம் படகுக்குள் ஏற்றிக்கொள்ளப் பார்க்கிற இடத்தில்தான் எங்கள் ஏரியா சபைகளும் இரண்டாகியிருக்கின்றன.

தண்டையார்பேட்டை_வாசகன்

அண்ணே, நான் இழை ஆரம்பித்தது இதற்குத்தான். மாணவன் தம்பி கேட்டதற்கு என் பதிலும் இதுதான். வலையை எப்படி இழுத்தார்கள் என்று பார்த்துவிட்டு அகஸ்டினிடம் போனால் அவர் சொல்வது இன்னும் கனமாகிறது. பார்க்காமல் போனால் அவர் விளக்கம் தனியாக அந்தரத்தில் நிற்கிறது. அதனால் அதை நான் தள்ள மாட்டேன்.

// அந்த ஆறையும் யார் எடுத்துக்கொண்டார்கள் //

10-ஆம் வசனத்தைப் பாருங்கள், அண்ணே. "நீங்கள் இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்" என்கிறார். நெருப்பின்மேல் ஏற்கெனவே அவருடைய மீன் இருக்கிறது, இருந்தும் அவர்களுடையதையும் கேட்கிறார். மிஞ்சின ஆறு அங்கே போயிருக்கலாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், இது என் ஊகம்தான், வசனத்தில் இல்லை.

பெரம்பூர்_அக்கா

வாசகன் தம்பி முதல் பதிவில் எசேக்கியேல் 47-ஐச் சொன்னீர்கள். எண்ணை விட்டுவிட்டு அந்த அதிகாரத்தை மட்டும் நேற்று வாசித்தேன். ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்பட்டு, கணுக்கால், முழங்கால், இடுப்பு, நீந்தாமல் கடக்க முடியாத ஆறு என்று பெருகிப் போய், உப்புக்கடலில் விழுந்து அதை நலமாக்குகிறது, மீன் பெருகுகிறது, வலை விரிக்கிறார்கள். கழிமுகத்துத் தங்கை எழுதியதைப் படித்த பிறகு இதை வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

ஆனால் 11-ஆம் வசனம் புரியவில்லை. சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் மட்டும் நலமாகாமல் உப்பாகவே விடப்படும் என்கிறது. எல்லாவற்றையும் குணமாக்குகிற தண்ணீர் இதை மட்டும் ஏன் விட்டது? மனம் திரும்பாதவர்களுக்கான தண்டனை என்று ஒரு மறையுரையில் கேட்டிருக்கிறேன். சதுப்பு நிலம் பக்கத்திலேயே வாழ்கிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

எண்ணூர்_கழிமுகம்

அக்கா, எனக்கு அந்த வசனம் தண்டனையாகப் படவில்லை. எங்கள் பக்கம் உப்பளம் இருந்தது, அத்திப்பட்டு வரைக்கும். உப்பு இல்லை என்றால் கருவாடு ஏது? மீன் அத்தனை கிடைத்தால் அன்றே தின்று தீர்க்க முடியாது, மீந்ததை உப்புப் போட்டுக் காயவைக்கத்தான் வேண்டும். வலை விரிக்கிறவர்களைப் பற்றி 10-இல் சொல்லிவிட்டு 11-இல் உப்பை விட்டுவைக்கிறார் என்றால், மீனைக் கெடாமல் வைக்க வழியையும் சேர்த்துக் கொடுக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இறையியல்_மாணவன்

அக்கா, விளக்கவுரை எழுதினவர்களில் பலரும் இதையே சொல்கிறார்கள். உப்பு பலிக்கும் வேண்டும், லேவியராகமம் 2:13-இல் எந்தப் போஜனபலியையும் உப்பில்லாமல் செலுத்தக் கூடாது என்று இருக்கிறது, எசேக்கியேல் பார்ப்பது புதிய ஆலயம், அங்கேயும் உப்பு தேவை. தண்டனை என்று எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதே வசனத்துக்கு முன்னாலும் பின்னாலும் மீன், கனி, மருந்தாகிற இலை என்றுதான் வருகிறது, நடுவில் ஒரு சாபத்தைத் தனியாக நுழைப்பதற்குக் காரணம் தெரியவில்லை.

கருவாட்டுக் கோணத்தை எங்கள் வகுப்பில் நான் எடுத்துப் பேசலாமா, எண்ணூர் அக்கா? யார் சொன்னது என்று பெயர் போட மாட்டேன்.

எண்ணூர்_கழிமுகம்

தாராளமாகப் பேசு தம்பி. கூடவே 12-ஆம் வசனத்து மரங்களைப் பற்றியும் உன் வாத்தியாரிடம் கேட்டுச் சொல், ஆற்றின் இரண்டு கரையிலும் இலை உதிராமல் நிற்கிறது என்று இருக்கிறதே. எங்கள் அலையாத்தியில் எண்ணெய் ஏறின கறை அந்த வருஷம் வேர் உயரத்துக்கு இருந்தது, அதை வைத்துத்தான் கேட்கிறேன்.